பதினான்கும் பதினைந்தும்: ஒரு புதிர்ப்பலகையின் வரலாறும் ஒரு பிழைதிருத்தமும்

தோற்றுவாய்

அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு விளையாட்டுப் பொருள்களுக்கு வரலாறு எழுதப்படவில்லை. குழந்தையின் கையில் உள்ளதற்கு வரலாறு எதற்கு என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு சிறு பலகையின் கதையிலேயே மனிதரின் ஆர்வம், வணிகம், அறிவு, புகழாசை ஆகிய நான்கும் பின்னிக் கிடப்பதைக் காண முடிகிறது. நகர்காய்ப் புதிர் என்று நாம் பெயரிட்டு அழைக்கத்தக்க அப்பலகையின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் கூட்டம் ஒன்றில் அதுபற்றி நான் கூறிய தவறான செய்தியைத் திருத்திக்கொள்வது இரண்டாம் நோக்கம்.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தவள் ஒன்பது வயதுடைய என் மகள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு பிற்பகல், இணையவழி விளையாட்டு ஒன்றைக் கணினியில் திறந்துவைத்து அமர்ந்திருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்றே வரையப்பட்ட படம் அது. பனி மூடிய கூரை, வாசலில் ஒரு விளக்கு, ஓரத்தில் அலங்கரிக்கப்பட்ட மரம், வண்டியிழுக்கும் கலைமான் எல்லாம் அதில் இருந்தன. அப்படத்தைப் பதினாறு சதுரங்களாக வெட்டி, ஒன்றை நீக்கி, எஞ்சிய பதினைந்தையும் கலைத்து வைத்திருந்தார்கள். வெற்றுக் கட்டத்தை ஒட்டி நிற்கும் காயை மட்டுமே அக்கட்டத்திற்குள் நகர்த்தலாம். இவ்வாறு ஒவ்வொன்றாக நகர்த்திப் படத்தை மீண்டும் கூட்டவேண்டும்.

மேல் வரிசையை முடித்தாள். இரண்டாம் வரிசையை முடித்தாள். இடப்புறத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, இறுதியில் இரண்டு காய்கள் மட்டும் தம்முள் இடம் மாறி நிற்கக் கண்டாள். கதவின் அடிப்பகுதி இருக்கவேண்டிய இடத்தில் மரத்தின் அடிப்பகுதியும், மரம் இருக்கவேண்டிய இடத்தில் கதவும் நின்றன. அடுக்கியதைக் குலைத்து மீண்டும் முயன்றாள். மீண்டும் இரண்டு காய்கள் மாறி நின்றன. வீட்டில் விளக்கேற்றும் நேரம்வரை இது தொடர்ந்தது. “எனக்குத்தாம்மா மூளையே இல்ல” என்று சொன்னபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அன்று நான் அவளுக்குச் சொன்ன சமாதானத்தில் பாதி சரி, பாதி பிழை. அந்தப் பலகை எவராலும் தீர்க்கவியலாதது, தவறு உன்னுடையதன்று என்றது சரியான பாதி. சாம் லாயிட் என்னும் அமெரிக்கப் புதிரறிஞர் இதனைக் கண்டுபிடித்தார், இத்தகைய தீராத பலகைக்குப் பெரும்பரிசும் அறிவித்து உலகையே திணறடித்தார் என்றது பிழையான பாதி. நம் வட்டத்தில் புதிரையும் கவிதையையும் ஒப்பிட்டுப் பேசியபோதும் நான் அதனையே கூறினேன். அன்றிரவு அவளுக்குக் காட்டுவதற்காகச் செய்திகளைத் தேடியபோதுதான், பரிசு மட்டுமே லாயிட்டுடையது என்றும், கண்டுபிடிப்பு வேறொருவருடையது என்றும் தெரியவந்தது.

அஞ்சலதிகாரியின் பலகை

அந்த வேறொருவர் நொய்ஸ் பாமர் சாப்மன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கேனஸ்டோட்டா என்னும் சிற்றூரில் அஞ்சலதிகாரியாக இருந்தவர். 1874ஆம் ஆண்டளவிலேயே இவர் தம் நண்பர்களிடம் ஒரு பலகையைக் காட்டியதாக அறிகிறோம். முதலில் அதில் இருந்தவை 1 முதல் 16 வரை எண்ணிட்ட பதினாறு மரக்காய்கள். வரிசைக்கு நான்காக அவற்றை அடுக்கி, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 34 ஆகுமாறு அமைக்கவேண்டும். மாயச்சதுரம் என்று நாம் அறிந்த பழைய விளையாட்டின் வழிவந்ததே இது. கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள பதினாறு கட்டச் சதுரத்தின் கூட்டுத்தொகையும் 34 என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 

பதினாறில் ஒரு காயை நீக்கி, மற்றவற்றை எடுத்து அடுக்காமல் நகர்த்தியே அடுக்கவேண்டும் என்று ஆனபோதுதான் புதிய விளையாட்டுப் பிறந்தது. எண்களோ மரமோ புதியன அல்ல. ஒரு வெற்றிடமும் ஒரு தடையுமே புதியவை. இடம் முழுதும் நிறைந்த பலகையில் எதுவும் அசையாது. கையால் எடுத்து வைக்கலாம் என்றால் அது புதிராகாது. சீரும் தளையும் இன்றேல் யாப்பு இல்லை என்பதை அறிந்த நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு இதனை விளக்கவேண்டிய தேவையில்லை.

சாப்மனின் மகன் ஃபிராங்க் வழியாகப் பலகை சிரக்கியூஸ் நகருக்குச் சென்றது. அங்கிருந்து நண்பர்கள், உறவினர்கள் கைமாறி ரோட் தீவு மாநிலத்தின் வாட்ச் ஹில் என்னும் கடற்கரை ஊரை அடைந்தது. பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகருக்குப் போயிற்று. ஹார்ட்ஃபோர்டில் 1817இல் தொடங்கப்பட்ட செவிப்புலனற்றோர் பள்ளி ஒன்று உண்டு. அப்பள்ளி மாணவர்கள் இப்பலகையைத் தம் கையால் செய்யத் தொடங்கினர். 1879இல் அவர்கள் செய்த பலகைகள் உள்ளூரிலும் பாஸ்டன் நகரிலும் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கண்ட மத்தையாஸ் ரைஸ் என்னும் பாஸ்டன் மரவேலைக்காரர், அதே ஆண்டு டிசம்பரில் தாமும் செய்து, கடைக்காரர் ஒருவர் வழியாக ‘ஜெம் புதிர்’, அதாவது மணிப்புதிர் என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டார். 

ஆக, இப்புதிர் கடைவீதிக்குப் பரவலாக வந்ததே ஒரு கிறிஸ்துமஸ் திங்களில்தான். என் மகளின் கணினித்திரையில் டிசம்பர் விடுமுறைப் படமாக அது வந்து நின்றது தற்செயலே எனினும், பிறந்த மாதத்திற்கே திரும்பி வந்தது போன்று எனக்குத் தோன்றியது.

அரையாண்டுப் பித்து

1880 பிப்ரவரியில் இப்புதிர் அமெரிக்கா முழுவதும் பற்றிக்கொண்டது. மார்ச்சில் கனடாவிலும், ஏப்ரலில் ஐரோப்பாவிலும் பரவியது. ஜூலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டது. முதியோரும் சிறுவரும் ஒருங்கே ஈடுபட்டனர். ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் நரைத்த தலையினர் கையில் சிறு சதுரப் பெட்டியுடன் ஆழ்ந்திருந்த காட்சியைக் கணித அறிஞரும் அம்மன்றத்தின் உறுப்பினருமான சீக்மண்ட் குந்தர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இவ்வளவு பித்துக்குக் காரணம் என்ன? புதிர் கடினமாக இருந்ததன்று. பாதி எளிதாக இருந்ததே காரணம். காய்களைப் பெட்டியில் கண்டபடி போட்டு நகர்த்தத் தொடங்கினால், சிலவேளை சிறிது நேரத்தில் 1 முதல் 15 வரை ஒழுங்காக அமைந்துவிடும். சிலவேளை 13, 15, 14 என்று கடைசி இரண்டு மட்டும் மாறி நிற்கும். ஒருமுறை வந்தது மறுமுறை ஏன் வரவில்லை? தம் கைத்திறனில்தான் குறை என்று ஒவ்வொருவரும் கருதினர். 1880 ஜனவரி இறுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரின் பல் மருத்துவர் சார்லஸ் பீவி என்பார், இதனைத் தீர்ப்போருக்குப் பணப்பரிசு தருவதாக அறிவித்தார். ஊர் இன்னும் சூடேறியது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில், 1880 பிப்ரவரி 21 அன்று, சாப்மன் தம் பலகைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அது கிடைக்கவில்லை. 1878 ஆகஸ்டு 20இல் எர்னஸ்ட் கின்சி என்பவர் பெற்றிருந்த புதிர்க்கட்டைக் காப்புரிமையிலிருந்து இது போதிய அளவு வேறுபடவில்லை என்பதே காரணம் எனக் கருதப்படுகிறது. நாடே விளையாடிக்கொண்டிருந்த ஒன்றின்மீது அதனைச் செய்தவருக்குச் சட்டப்படி எவ்வுரிமையும் இல்லாமற்போயிற்று. 

ஒற்றையும் இரட்டையும்

கடைசி இரண்டும் ஏன் மாறி நிற்கின்றன என்பதற்கு விடை வெகுவிரைவில் கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கணித ஆய்விதழின் 1879ஆம் ஆண்டுத் தொகுதியில் வில்லியம் உல்சி ஜான்சன், வில்லியம் எட்வர்டு ஸ்டோரி ஆகிய இருவரின் குறிப்புகள் வெளியாயின. விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு உயராய்விதழில் இடமுண்டா என்ற கேள்வி எழும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ, இதழாசிரியர்களே அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்தனர். நவீன இயற்கணிதத்தின் நுட்பமான கருத்து ஒன்று இப்புதிரில் வேரூன்றியிருப்பதே அதனை வெளியிடக் காரணம் என்றனர்.

அக்கருத்தைக் கணிதம் கல்லாத என்போன்றோரும் உணர்ந்துகொள்ளலாம். பலகையின் பதினாறு கட்டங்களுக்கும் சதுரங்கப் பலகை போன்று கறுப்பும் வெள்ளையும் மாறிமாறித் தீட்டியதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறை காய் நகரும்போதும் வெற்றிடம் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்திற்குச் செல்கிறது. எனவே வெற்றிடம் புறப்பட்ட மூலைக்கே திரும்பவேண்டுமாயின் நகர்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கவேண்டும். ஒவ்வொரு நகர்வும் காயும் வெற்றிடமும் தம்முள் செய்துகொள்ளும் ஓர் இடமாற்றம். ஆகவே மொத்த இடமாற்றங்களும் இரட்டைப்படையே. ஆனால் பதினான்கையும் பதினைந்தையும் மட்டும் மாற்றிவைப்பது ஒரே ஓர் இடமாற்றம், ஒற்றைப்படை. ஒற்றைப்படையில் விளைந்த மாற்றத்தை இரட்டைப்படையால் ஒருபோதும் அடையமுடியாது. ஆயிரம் ஆண்டுகள் நகர்த்தினாலும் அடையமுடியாது.

வெற்றிடத்தை மூலையில் நிறுத்திவிட்டுப் பதினைந்து காய்களையும் அடுக்கக்கூடிய முறைகள் 1,30,767 கோடிக்கும் மேல். அவற்றுள் சரிபாதி தீரும், சரிபாதி தீராது. தீராத பகுதி முழுவதும் தீர்க்கவியலாதது என்று ஜான்சன் நிறுவினார். எஞ்சிய பகுதி முழுவதும் உறுதியாகத் தீரும் என்று ஸ்டோரி நிறுவினார். ஒருவர் அவநம்பிக்கையை ஐயமற நிலைநாட்டினார். மற்றவர் நம்பிக்கையை ஐயமற நிலைநாட்டினார். இரண்டும் ஒரே இதழில் அடுத்தடுத்து அமைந்தன.

பின்வந்த கணிப்புகள் இதனை மேலும் விரித்தன. தீரும் பலகை எதுவாயினும் 80 நகர்வுகளுக்குள் தீர்த்துவிடலாம் என்பது 1999இல் கணினி கொண்டு உறுதிசெய்யப்பட்டது. எட்டுக் காய்களே உள்ள சிறுபலகைக்கு 31 நகர்வுகள் போதும். பலகை பெரிதாகப் பெரிதாக, மிகக் குறுகிய வழியைக் காண்பது கணினிக்கும் எளிதன்று என்று 1986இல் ராட்னர், வார்முத் என்னும் இருவர் காட்டினர். 

ஆயிரம் டாலர் பரிசு

இனிச் சாம் லாயிட்டிடம் வருவோம். 1841இல் பிறந்து 1911இல் மறைந்த இவர், மெய்யாகவே பேராற்றல் படைத்தவர். சதுரங்கப் புதிர்கள் அமைப்பதில் இளமையிலேயே பெயர் பெற்றவர். 1896இல் இவர் வெளியிட்ட ‘பூமியை விட்டு இறங்கு’ என்னும் சுழலட்டைப் புதிரில், அட்டையைச் சற்றே திருப்பினால் பதின்மூன்று வீரர்களில் ஒருவர் மறைந்துவிடுவார். அவருடைய கற்பனைக்கு அது ஒன்றே சான்று. கடன்வாங்கிய புகழ் அவருக்குத் தேவையே இல்லை.

ஆயினும் வாங்கினார். நகர்காய்ப் புதிரைப் பற்றி அவர் முதன்முதலாக எழுதியதே 1886இல், பித்து அடங்கி ஆறாண்டுகளுக்குப் பின். அதனைத் தாமே கண்டுபிடித்ததாக முதன்முதலாகக் கூறியது 1891இல். அன்று முதல் இறக்கும்வரை அக்கூற்றை அவர் விடவில்லை. அவர் மறைந்தபின் அவருடைய மகன் தொகுத்து 1914இல் வெளியிட்ட பெருந்தொகுப்பிலும் அக்கதை இடம்பெற்றது. கடைக்காரர் கடை திறக்க மறந்ததும், பாதிரியார் ஒருவர் குளிர்கால இரவு முழுவதும் தெருவிளக்கின் கீழ் நின்று காய் நகர்த்தியதும் அதில் சுவைபட விவரிக்கப்பட்டன. சுவையான கதைக்குச் சான்று கேட்போர் குறைவு. நானும் கேட்கவில்லை.

1896இல் அவர் அறிவித்த ஆயிரம் டாலர் பரிசும் இங்கு ஆராயத்தக்கது. பதினான்கும் பதினைந்தும் மட்டும் மாறி நிற்கும் பலகையைச் சரிசெய்வோருக்கு அப்பரிசு. அது தீராது என்னும் மெய்ப்பு ஆய்விதழில் வெளியாகிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. ஆகவே பரிசுப்பணத்திற்கு எவ்வித ஆபத்தும் இல்லை. முயன்றவர்களின் உறக்கத்திற்கும் தன்னம்பிக்கைக்கும்தான் ஆபத்து. இதனை வெறும் வேடிக்கையென்று முன்னர் நானும் சிரித்துக் கூறியிருக்கிறேன். மூளையில்லை என்று தன்னையே நொந்துகொண்ட ஒரு குழந்தையின் முகத்தைக் கண்டபின் அவ்வாறு சிரிக்க இயலவில்லை. விடையில்லாத வினாவைக் கேட்பது குற்றமன்று; விடையில்லை என்பதை அறிந்தே மறைத்துக் கேட்பதுதான் குற்றம்.

லாயிட்டின் பெயரோடு வழங்கும் மற்றொரு கதையும் உண்டு. இப்புதிருக்கு அவர் காப்புரிமை கேட்டாராம். இது தீருமா என்று அதிகாரி வினவ, தீராது என்றாராம். தீராத ஒன்றுக்குச் செயற்படும் மாதிரி காட்ட முடியாது, ஆகவே காப்புரிமையும் இல்லை என்று அதிகாரி மறுத்தாராம். நயமான கதைதான். ஆனால் மெய்யாகவே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் கேனஸ்டோட்டாவின் அஞ்சலதிகாரி. கண்டுபிடிப்பு மட்டுமன்றி, அதற்காக ஒருவர் பட்ட ஏமாற்றமுங்கூட இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

இத்திரை விலக நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. ஜெர்ரி ஸ்லோகம், டிக் சொன்னவெல்ட் ஆகிய இருவரும் பழைய செய்தித்தாள்களையும் காப்புரிமை ஆவணங்களையும் நுணுகி ஆராய்ந்து, பதினைந்துக் காய்ப் புதிரின் வரலாற்றை 2006இல் நூலாக வெளியிட்டனர். சாப்மன் முதல் ரைஸ் வரையிலான வழித்தடம் அதன்பின்னரே தெளிவுற்றது. கண்டுபிடிப்பிலோ முதற்பரவலிலோ லாயிட்டுக்கு எத்தொடர்பும் இல்லை என்பதும் உறுதியாயிற்று.

மரப்பெட்டியிலிருந்து திரைக்கு

மரத்திலிருந்து இப்புதிர் தகரத்திற்கும் நெகிழிக்கும் மாறியது. எண்களின் இடத்தில் எழுத்துகளும் படங்களும் வந்தன. சதுரங்க வீரர் பாபி ஃபிஷர் இதில் பெருந்தேர்ச்சி பெற்றிருந்தார். 1972 நவம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதனை விரைந்து தீர்த்துக் காட்டினார். 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில், ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு என்பார் எழுதிய சிறு நிரலாக இது திரைக்குள் புகுந்தது. அன்றுமுதல் திரையை விட்டு நீங்கவில்லை. இன்று பண்டிகைக்கொரு படமென இணையத்தில் எண்ணற்றவை கிடைக்கின்றன.

திரைக்குள் புகுந்தபோது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, காய்களைக் கலைப்பவர் மாறினார். முன்னர் மனிதர் கலைத்தனர். இப்போது நிரல் கலைக்கிறது. நேர்மையான நிரல், சரியான படத்திலிருந்து தொடங்கி விதிப்படியே பின்னோக்கி நகர்த்திக் கலைக்கும். அல்லது கண்டபடி கலைத்துவிட்டு ஒற்றையா இரட்டையா என்று எண்ணிப்பார்க்கும். ஒற்றையெனில் இரு காய்களை மாற்றிவைத்துச் சரிசெய்யும். எண்ணிப்பாராத நிரலோ, இரண்டு குழந்தைகளுள் ஒன்றுக்குத் தீராத பலகையைக் கொடுத்துவிடும். என் மகளுக்கு வாய்த்தது அத்தகையது. தொடக்க அடுக்கை ஒரு தாளில் குறித்துக்கொண்டு நாங்கள் இருவரும் எண்ணிப்பார்த்தோம், ஒற்றைப்படை. இங்கு லாயிட்டின் சூழ்ச்சியில்லை. எவரோ ஒருவரின் கவனக்குறைவு. ஆனால் விளையாடுபவரின் துயரம் இரண்டிலும் ஒன்றே.

மரப்பலகையானால் இரண்டு காய்களை நகத்தால் நெம்பியெடுத்து மாற்றிவைத்துவிடலாம். திரைக்குள் விரல் நுழையாது.

இரண்டாவது மாற்றம் இன்னும் சுவையானது. எண்ணிட்ட பலகையில் ஒவ்வொரு காயும் தனித்தன்மை உடையது. படப்பலகையில் அவ்வாறன்று. மறுநாள் என் மகள் வேறொரு படத்தைத் திறந்தாள். அதன் மேற்பகுதியில் இரவு வானம். இரு காய்களில் வெறும் கருநீலமன்றி வேறெதுவும் இல்லை. இத்தகைய படத்தை எப்படிக் கலைத்தாலும், எண்ணிப்பாராமல் கலைத்தாலும், அது தீர்ந்தே தீரும். இறுதியில் இரண்டு காய்கள் மாறி நிற்குமாயின், அந்த இரு வானக் காய்களையும் தம்முள் இடம் மாறவிட்டால் போதும், ஒற்றை இரட்டையாகிவிடும். மாறியது எவர் கண்ணுக்கும் தெரியாது, படமும் நிறைவுறும். ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும் இரு எளிய காய்கள், தம் இடத்தை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் பதின்மூன்று காய்களைக் கரைசேர்க்கின்றன. ஹார்ட்ஃபோர்டில் பலகை செய்த செவிப்புலனற்ற மாணவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய பெயர்கள் கதையில் எங்கும் வருவதில்லை. அவர்கள் இல்லையேல் கேனஸ்டோட்டாவின் பலகை பாஸ்டன் கடைக்கு வந்திராது.

பெயர் என்னும் காய்

கட்டங்களுக்குள் எழுத்தை அடைத்து ஆடும் ஆட்டம் நம் மொழிக்கும் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் சுழிகுளமும் சருப்பதோபத்திரமும் மாலைமாற்றும் அவ்வகையின. எனினும் இக்கட்டுரை நம் வட்டத்துக்கு உரியதாவது அதனால் மட்டும் அன்று. ஆசிரியர் பெயர் பற்றிய வினாவினால்தான்.

இலக்கிய வரலாறு கற்பிக்கும் நாங்கள் நாள்தோறும் கையாளும் காய்கள் பெயர்களே. இந்நூலை இயற்றியவர் இவர், இப்பாடல் இவருடையது என்று அடுக்கிக்கொண்டே செல்கிறோம். ஒரு பெயர் பிழையாக அமர்ந்துவிட்டால் என்ன நேர்கிறது? அதனைச் சுற்றியுள்ள ஆண்டுகளையும் ஊர்களையும் சிறிதுசிறிதாக நகர்த்தி, எப்படியாவது பொருத்தப் பார்க்கிறோம். எல்லாம் பொருந்திவிட்டது போலவும் தோன்றும். இறுதியில் இரண்டு மட்டும் மாறி நிற்கும். சாப்மன் இருக்கவேண்டிய இடத்தில் லாயிட் நின்றது அவ்வாறே. பித்துக் கதை சரி, ஆண்டு சரி, பதினான்கு பதினைந்து சரி. பெயர் மட்டும் தவறு. மற்றவற்றை எவ்வளவு நகர்த்தினாலும் அத்தவறு நீங்காது. காயை வெளியே எடுத்துத்தான் வைக்கவேண்டும். நான் தவறினேன் என்று சொல்வதே அவ்வாறு எடுப்பதாகும்.

இவ்விடத்தில் நம் பழந்தொகையாளர்களின் நேர்மை என்னை வியக்கவைக்கிறது. பாடல் கையில் இருக்கிறது. பாடியவர் பெயர் மறைந்துவிட்டது. புகழ்பெற்ற கபிலர் பெயரையோ பரணர் பெயரையோ அதன்கீழ் எழுதியிருந்தால் மறுப்பார் யாருமில்லை. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அப்புலவரின் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, அதனையே அவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப்பழங்கயிற்றினார், ஓரேருழவனார், அணிலாடுமுன்றிலார் என்னும் பெயர்கள் இவ்வாறு வந்தவையே. பெயரில்லாத இடத்தைப் பிறர் பெயரால் நிரப்பாமல், உரியவரின் சொல்லாலேயே நிரப்பிய பண்பு அது. தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைத்த அறிவு அது என்றும் கூறலாம். பலகையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால்தான் மற்றவை தத்தம் இடம் சேரமுடியும்.

பின்வந்த காலத்தில் இப்பண்பு நம்மிடம் தளர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஔவையார் என்னும் ஒரே பெயரின் நிழலில் பல நூற்றாண்டுப் பாடல்கள் வந்து சேர்ந்தன. யாரோ பாடிய தனிப்பாடலுக்குப் பெரும்புலவர் பெயரைச் சூட்டினால் சபையில் மதிப்பு மிகும் என்று எண்ணினோம். லாயிட் செய்தது தம் பெயரைத் தாமே பொருத்திக்கொண்டது. நாம் செய்தது அன்பினால் பொருத்தியது. நோக்கம் வேறாயினும், எழுதியவர் ஒருவர் தம் கட்டத்தை இழந்தார் என்பது இரண்டிற்கும் பொது.

நிறைவாக

நகர்காய்ப் புதிர் 1870களில் ஓர் அஞ்சலதிகாரியின் கையில் தோன்றியது. செவிப்புலனற்ற மாணவர்களின் கைகளால் பெருகியது. 1879 டிசம்பரில் கடைவீதிக்கு வந்தது. 1880இல் உலகைப் பித்துக்கொள்ளச் செய்தது. கணித அறிஞர்களால் ஐயமற விளக்கப்பட்டது. பிறர் ஒருவர் பெயரால் நூறாண்டுக்கு மேல் வழங்கியது. இன்று விடுமுறைப் படமாகக் குழந்தைகளின் திரையில் நிற்கிறது. இதுவே அதன் வரலாற்றுச் சுருக்கம்.

என் மகளுக்கு இதனை முழுமையாகச் சொன்னேன். தீராத பலகைகள் உண்டு என்பதை அவள் எளிதாகவே ஏற்றுக்கொண்டாள். இப்போதெல்லாம் புதுப்படம் திறந்தால் முதலில் ஒற்றையா இரட்டையா என்று எண்ணிப்பார்க்கிறாள். ஒற்றையெனில், “இது நம்ம தப்பு இல்ல” என்று சொல்லி மூடிவிடுகிறாள். தன்னால் முடியாததையும் எவராலும் முடியாததையும் பிரித்தறிய ஒன்பது வயதில் கற்றுக்கொண்டாள். எனக்கு அது நாற்பது கடந்தபின்னரே வாய்த்தது.

பத்தாண்டுகளாக நம் வட்டம் கூட்டந்தோறும் குறிப்பேடு எழுதிவருகிறது. நான் பேசிய நாளின் பக்கத்தில் என் உரையின் சுருக்கமும், அதில் லாயிட்டின் பெயரும் அழகிய கையெழுத்தில் உள்ளன. அப்பக்கத்தைக் கிழிக்கவேண்டியதில்லை; அடிக்கவும் வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்திற்குச் செயலாளர் அக்குறிப்பேட்டைக் கொண்டுவருவாராயின், ஓரத்தில் நொய்ஸ் பாமர் சாப்மன், கேனஸ்டோட்டா என்று என் கையாலேயே எழுதி, கீழே நாளிட்டுக் கையொப்பமிட விரும்புகிறேன்.